பதினேழு சென்டிமீட்டர்

பாடாங் செராய், காலை ஒன்பதரை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் பின்னாலேயே ஊர்ந்து
மூன்றாவது சந்தில் அந்த மலிவுவிலை வீட்டைப் பிடித்தேன்.
வாசலில் ஒற்றைச் செருப்பு. வலது கால்.
முகவரி சரிதான்.

"பசியாறிட்டீங்களா மிஸ்?"

குணாளன், ஐம்பத்திரண்டு.
இருபத்தாறு வருசம் குலை வெட்டியவர்.
இனிப்புநீர்.
இடது கால் முட்டிக்குக் கீழே
கூலிம் ஆஸ்பத்திரியோடு தங்கிவிட்டது.
என் பெயரட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்:
ஜுருபுலே சாரா கெர்ஜா.
"கெர்ஜாவா? வேலை போட்டுத் தர வந்தீங்களா?"
குளிக்கிறது, உடுத்துறது, ராத்திரி எழுந்து போறது
எல்லாம் வேலைதாங்க என்றேன்.
"சம்பளம்?"

நாடாவை இழுத்தேன்.
முன்கதவு எழுபத்தெட்டு. நாற்காலி தாராளமாய் நுழையும்.
அறைக்கதவு அறுபத்தொன்பது. நுழையும்,
விரல்முட்டித் தோலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு.
மிதியடி வழுக்குகிறது, எடுத்துவிடுங்கள்.
விசிறி வயரைச் சுவரோரம் தள்ளுங்கள்.
குளியலறைக்கு ஏறும் படி
பதினேழு சென்டிமீட்டர்.

ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு சரிவு.
இருநூற்று நான்கு.
அடுப்பைத் தாண்டி, கேஸ் தோம்பைத் தாண்டி,
பின்கதவுக்கே நூற்றறுபதுதான் இருக்கிறது.
மிச்சச் சரிவு சாக்கடைக்கு மேல் தொங்கும்.
"பிள்ளைங்க சறுக்கி விளையாடட்டும்" என்றார்.

உள்ளே சுவரில் ஒரு கைப்பிடி.
குலை வெட்டும் கழியின் அலுமினியத் துண்டு,
மேலே சைக்கிள் டியூப் கித்தா சுற்றி
ஆறு போல்ட்டு.
அங்கீகரித்த பொருள் அல்ல.
முழங்காலை மடக்கி
என் அறுபத்து நான்கு கிலோவையும் அதில் தொங்கவிட்டேன்.
அசையவில்லை.
படிவத்தில் 'உண்டு' என்று எழுதினேன்.
யார் பொருத்தியது என்று அது கேட்கவில்லை.

ராத்திரி எத்தனை தடவை எழுவீங்க?
"எழவே மாட்டேன்."
பூஜ்யம் போட்டேன்.

எப்படிப் போறீங்கன்னு செஞ்சு காட்டுங்க.
அவர் அறைப்பக்கம் திரும்பி, மெதுவாக, "பூங்கா" என்றார்.

பூங்காவனம் வந்தாள்.
கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்,
விரலிடுக்கில் இன்னும் வெள்ளை மாவு.
ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை.
அக்குளில் கை கொடுத்து, முதுகை வில்லாய் வளைத்து,
எண்பத்து மூன்று கிலோவைப் படிக்கு மேல் ஏற்றினாள்.
பதினோரு வினாடி.
கண்ணை முழுதாய்த் திறக்கவேயில்லை.

"ராத்திரி நான் இருக்க மாட்டேன்ல" என்றாள்,
"ஆறு மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டாரு."

அவர் கூரையைப் பார்த்தார்.
நான் பூஜ்யத்தை அழித்தேன். தாள் கிழிந்தது.

என் காரின் பின்னே
லூனாஸில் ஒருவருக்குப் போகவேண்டிய கழிவறை நாற்காலி.
அவருக்கு வியாழக்கிழமை வேறு கேட்டுக்கொள்ளலாம்,
திட்டு வாங்கிக்கொள்ளலாம்.
இறக்கி, கட்டிலோரம் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டினேன்.
பக்கவாட்டில் நகர்ந்து ஏறினார்.
இரண்டாம் முறையே தானாக.
மூன்றாம் முறை, வேண்டுமென்றே, விசிலடித்தபடி.

"ஆடுதா பாருங்க" என்று பூங்காவனத்தையும் உட்காரச் சொன்னேன்.
உட்கார்ந்தாள். ஆடவில்லை.
எழுந்திருக்கவும் இல்லை.
தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

குணாளன் உதட்டில் விரல் வைத்தார்.

கட்டிலின் உயரம் அளந்த நாடா
என் கையில் நீண்டு கிடந்தது.
விட்டால் சட்டென்று சுருண்டு சத்தம் போடும்.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து
ஒவ்வொரு சென்டிமீட்டராய்
உள்ளே போகவிட்டேன்.